பெயரில்லாத லென்ஸும் புகையில் நின்ற மெர்வினும்

எங்கள் தீவின் டெலிபோன் புத்தகத்தில் மெர்வின் டெய்ட் என்று தேடினால் கிடைக்காது. 'பலூன்' என்று தேட வேண்டும். நார்ஃபோக் தீவில் எல்லோருக்கும் அந்தக் கதிதான். ஒரே குடும்பப் பெயரில் நாற்பது பேர் இருந்தால் புத்தகம் அச்சடிப்பவன் என்னதான் செய்வான், பாவம்! கீரை, கொசு, தூங்குமூஞ்சி, அரைக்கால் சட்டை என்று பட்டப்பெயரைப் போட்டு நம்பரை எழுதிவிடுகிறான். யாருக்கும் கோபம் கிடையாது. பட்டப்பெயர் இல்லாதவன்தான் இங்கே கவலைப்பட வேண்டும்.

மெர்வினுக்கு அது மூன்றே நாளில் கிடைத்தது. ஐம்பத்தாறாம் வருஷம், இருபத்தைந்து வயதில், நியூசிலாந்தின் திமாருவிலிருந்து வானிலை நிலையத்து வேலைக்கு வந்தவர். காலையும் மாலையும் ஒரு வெள்ளை பலூனை விட்டு, அது கண்ணுக்கு மறைகிறவரை தொலைநோக்கியில் பின்தொடர்ந்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று எழுதி வைப்பதுதான் வேலை. இதற்குப் போய் சம்பளமா என்று ஊரே சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். ரெண்டு வருஷம் கழித்து பார்கின் நாப்ஸின் இளைய மகள் எனிட்டைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். எனிட் பிரியமாக இருக்கும்போது 'மெர்வ்' என்பாள், கோபம் வந்தால் 'பலூன்' என்பாள். நாளில் பாதி நேரம் அவர் பலூன்தான்.

மனுஷருக்கு மட்டுமா பெயர்? இங்கே பாறைக்குப் பெயர் உண்டு, படகுக்கு உண்டு, ரோட்டின் நடுவில் நின்று காரை மறிக்கிற ஒவ்வொரு பசுவுக்கும் உண்டு. பெயரில்லாமல் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். எனிட்டின் அக்கா தெல்மாவிடம் இருந்த மரக்கேமராவின் முன்னால் உட்கார்ந்திருந்த பித்தளை லென்ஸ். பூசணிக்காய்ப் பிஞ்சு அளவு இருக்கும். செய்தவன் பெயரோ ஊரோ எண்ணோ எதுவும் அதில் பொறிக்கப்படவில்லை. மிஷன் பாதிரிமார்கள் தீவை விட்டுப் போனபோது விற்ற சாமான்களோடு தெல்மாவின் அப்பா பார்கின் வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு தெல்மா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள்.

வருஷத்தில் ஒரு நாள், ஜூன் எட்டாம் தேதி, எங்கள் முன்னோர் கரையேறிய திருநாள். எல்லோரும் வெள்ளை உடுத்திக்கொண்டு படகுத்துறையிலிருந்து ஊர்வலமாகப் போய், கல்லறைத் தோட்டத்தில் பாட்டுப் பாடிவிட்டு, புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து மூச்சு முட்டச் சாப்பிடுவோம். சாப்பாட்டுக்கு முன்னால் தெல்மா ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்திப் படம் எடுப்பாள். கையடக்கக் கேமராவில் எடுத்த படங்களும் எல்லார் வீட்டிலும் உண்டுதான். அவை மேசை டிராயரில் கிடக்கும். சுவரில் ஏறுவது தெல்மா எடுத்த படம் மட்டும்.

அந்தப் படங்களைச் சும்மா சொல்லக் கூடாது. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கும். கண்ணிமை முடியை எண்ணலாம். அதைத் தாண்டினால் உலகம் மெல்லச் சுழல ஆரம்பிக்கும். பின்னால் நிற்கிற பைன் மரங்கள் வளைந்து ஒன்றையொன்று தொடும். வெள்ளைப் பாவாடைகள் நுரையாகிப் புல்லோடு கலக்கும். ஓரத்தில் நிற்கிறவர்கள் கரைந்து புகையாகிவிடுவார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே தூக்கம் வருகிற மாதிரி, ஆனால் தூங்காமல் எங்கோ போகிற மாதிரி இருக்கும். எங்களுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. பார்கின் நாப்ஸ் நாற்பத்தோராம் வருஷத்திலிருந்துதான் அப்படி எடுக்க ஆரம்பித்தார். அதற்கு முந்தின படங்கள் எல்லாம் மூலைக்கு மூலை தெளிவாக, சப்பென்று இருக்கும். "அப்போ அப்பாவுக்குக் கை வரல" என்பாள் தெல்மா.

தெளிவான இடம் கொஞ்சமாக இருந்தால் யார் அதில் நிற்பது என்ற கேள்வி வருமா வராதா? வந்தது. பார்கின் ஒழுங்கு வைத்தார். மூத்தவர்கள் நடுவில், ரத்த சொந்தம் சுற்றி, வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை கடைசியில். அதற்குப் புகையில் நிற்பது என்று பெயர். சேட்டை செய்கிற பிள்ளையிடம் "புகைக்கு அனுப்பிடுவேன்" என்றால் அடங்கிவிடும். நாப்ஸ் குடும்பத்தில் வெளியூர் மாப்பிள்ளை ஒருவர்தான். ஐம்பத்தெட்டிலிருந்து எண்பத்தெட்டுவரை, முப்பத்தோரு படத்திலும், வலது ஓரத்தில் உயரமாக ஒரு புகை. அதுதான் மெர்வின்.

அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. எடுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொண்டதில்லை என்று சொல்ல வேண்டுமோ என்னவோ. எண்பத்தொன்பதாம் வருஷம் ஏப்ரலில் ஒரு காலை, பேத்தி போனியைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் மாட்டியிருந்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். நாலு வயது. நடுவிலிருந்து ஒவ்வொருவராக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தது குழந்தை.

"இது பாட்டி. இது அம்மா, சின்னதா இருக்கா."

"இது?" என்று ஓரத்தைக் காட்டினார் மெர்வின்.

"இது யாருமில்ல தாத்தா. படத்துல தண்ணி பட்டுடுச்சு."

அவர் சிரித்துவிட்டுக் குழந்தையை இறக்கிவிட்டார். அன்று சாயங்காலம், முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக, மேகமே இல்லாத வானத்தில் பலூனைத் தவறவிட்டார். தொலைநோக்கியில் கண் இருந்தது, மனசு நடைவழியில் இருந்தது. இந்தத் தீவில் ஒரு ஆயுசு வாழ்ந்தாகிவிட்டது. சுவரில் தன் முகம் ஒன்றுகூட இல்லையே. ஒரே ஒரு படத்தில் தன் மூஞ்சி தெரிந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கக்கேடு.

அடுத்த வாரம் தபால்தலை அலுவலகத்து மெய்ஸி வந்தாள். தெல்மா தங்கை வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம்.

"தெல்மா, உன் கேமராவை ஸ்டாம்புல போடப் போறாங்க. கீழ ஒரு வரி எழுதணுமாம். லென்ஸை யாரு செஞ்சதுன்னு சிட்னில படம் வரையற ஆளு கேக்கறான்."

"கடவுள் செஞ்சதுன்னு எழுது."

"இடம் பத்தாது. ஸ்டாம்பு ரொம்பச் சின்னது."

"நான் பார்த்துச் சொல்றேன்" என்றார் மெர்வின். அவருக்கே அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. தொலைநோக்கிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பழகிய கை.

சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனிட் சட்டென்று திரும்பினாள். "உனக்கெதுக்கு இந்த வேலை? ஒரு வேலையும் இல்லையா உனக்கு?"

"பாக்கட்டும் விடு" என்றாள் தெல்மா. பிறகு மெர்வினைப் பார்த்து விரலை நீட்டினாள். "இந்தா பலூன், பேரை மட்டும் கண்டுபிடி. எப்படிப் போச்சோ அப்படியே திரும்பி வரணும். அதோட புகை கொஞ்சம் குறைஞ்சாலும் உன் தோலை உரிச்சுக் கொடியில காயப் போட்டுடுவேன்."

லென்ஸ் வீட்டுக்கு வந்ததும் மெர்வினின் நாட்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. காலை பலூனை விட்டுவிட்டு வந்து வராந்தாவில் உட்காருவார். முதலில் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தி, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, தூரத்தில் கடலில் நிற்கிற பிலிப் தீவை அட்டையில் பிடித்தார். சிவப்புத் தீவு தலைகீழாகத் தொங்கியது. மேய்ச்சல் நிலத்துப் பசுக்கள் வானத்தில் கால் பதித்து மெதுவாக நடந்தன. எவ்வளவு தூரத்தில் படம் விழுகிறது என்று அளக்கத்தான் அதைச் செய்தார். அளந்து முடித்த பிறகும் அரை மணி நேரம் பசுக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்துப் பசு புகையாகி மறையும், நடுவுக்கு வந்ததும் திரும்பப் பசுவாகும். அதைப் பார்த்தபோது அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு சமையலறைத் திரையை இழுத்து மூடிக்கொண்டு மெழுகுவத்தியைக் கொளுத்தினார். கண்ணாடிக்குள் சுடரின் பிம்பம் எத்தனை தெரிகிறது என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு கண்ணாடி முகமும் ஒரு சுடரைத் திருப்பிக் காட்டும். முன் பக்கத்தில் ரெண்டு பிரகாசமாக, ஒன்று மங்கலாகத் தெரிந்தது. ரெண்டு கண்ணாடியைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். பின் பக்கத்தில் நாலும் பிரகாசம். ரெண்டு கண்ணாடி ஒட்டாமல் தனித்தனியாக இருக்கின்றன. முகங்களைப் பிடிப்பதற்கென்றே பழைய காலத்தில் செய்த ஜாதி என்று புரிந்தது. ஒளியைக் குறைக்கிற தகடு செருகப் பித்தளையில் வெட்டு எதுவும் இல்லை. ஆகவே ஆயிரத்து எண்ணூற்று அறுபதுக்கு முந்தியது. மரைகளை அளந்தால் இங்கிலீஷ்காரன் அங்குலத்துக்கு ஒத்துவரவில்லை. மில்லிமீட்டருக்கு ஒத்து வந்தது. அளவுகளையெல்லாம் எழுதி ஆக்லாந்தில் பழைய கேமரா சேர்க்கிற ஒருவருக்குக் கடிதம் போட்டார்.

எனிட்தான் சரியில்லை. வாழைக்காய் உருண்டையில் உப்புப் போட மறந்தாள். கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாள். "இன்னும் முடியலையா அந்த எழவு?" என்று தினம் ரெண்டு தடவை கேட்டாள். மெர்வின் கனவில் நடக்கிற ஆள் மாதிரி இருந்ததால் கவனிக்கவில்லை.

ஆக்லாந்திலிருந்து பதில் வந்தது. பாரிஸ் பட்டறைகளில் சில இப்படிப் பெயர் பொறிக்காமலே டஜன் கணக்கில் விற்பார்களாம். வாங்குகிற கடைக்காரன் தன் பெயரைப் பொறித்துக்கொள்வான். உங்களுடையதில் பொறிக்க மறந்திருக்கிறார்கள். உறுதி செய்ய வேண்டுமென்றால் பிரித்துப் பாருங்கள். கண்ணாடியின் விளிம்பில் வேலைக்காரர்கள் பென்சிலால் எதையாவது எழுதி வைப்பது வழக்கம்.

இறுகிப்போன மரையை உள்ளங்கைச் சூட்டில் வெகுநேரம் வைத்திருந்து, மெதுவாகத் திருகினார். திறந்தது. முன்கண்ணாடியின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். சாய்ந்த எழுத்தில் 'பாரிஸ்', ஒரு எண், பக்கத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி. நூற்றுமுப்பது வருஷத்துக்கு முந்தின பென்சில், நேற்று எழுதின மாதிரி இருந்தது. பின்னால் இருந்த முதல் கண்ணாடியிலும் அதே எண், அதே அம்பு, முன்பக்கம் பார்த்து. கடைசிக் கண்ணாடியிலும் அம்பு இருந்தது. ஆனால் அது பின்பக்கம் பார்த்தது.

மெர்வினுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ எப்போதோ பிரித்து, அந்தக் கடைசிக் கண்ணாடியை மட்டும் முன்பின்னாகப் போட்டுவிட்டார்கள். புகையாவது, பார்கினின் கைவண்ணமாவது! எல்லாம் ஒரு கண்ணாடி திரும்பிக் கிடந்த கூத்து.

அரை நிமிஷ வேலை. திருப்பிப் போட்டு மூடி, கேமராவில் பொருத்தி, தோட்டத்தைப் பார்க்க வைத்துத் துணிக்குள் தலையை விட்டார். கேமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடித் திரையில் தோட்டம் தலைகீழாக நின்றது. எலுமிச்சை மரம், கோழிகள், வேலிக் கம்பி, எல்லாம் மூலை வரைக்கும் தெளிவு. வலது ஓரத்தில், இத்தனை வருஷம் அவர் நின்ற அந்த ஓரத்தில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் எனிட் ஈரப் போர்வையைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகம் அப்படியே தெரிந்தது. பயந்து போயிருந்தாள்.

மெர்வின் துணியிலிருந்து வெளியே வந்தார். "எனிட், ஒரு கண்ணாடி தப்பாப் போட்டிருக்கு."

"தெரியும்" என்றாள் எனிட். போர்வை கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. "நான்தான் போட்டேன்."

நாற்பத்தோராம் வருஷம், திருநாளுக்கு முந்தின வாரம். வீட்டிலுள்ள கண்ணாடியையெல்லாம் கழுவிப் பளபளவென்று வைக்கிற வாரம். விளக்குச் சிம்னி, ஜன்னல், முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாம் ஒன்பது வயது எனிட்டின் பொறுப்பு. சாம்பலும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தவள், அப்பாவின் கேமராக் கண்ணாடி மட்டும் உப்புக்காற்றில் மங்கிக் கிடக்கிறதே என்று அதையும் கழற்றிக் கழுவினாள். அப்பா ஆச்சரியப்படட்டும் என்ற ஆசை.

"திரும்பப் போடறப்போ ஒண்ணு மட்டும் ரெண்டு பக்கமும் பொருந்துச்சு மெர்வ். எதுன்னு தெரியல. கண்ணை மூடிட்டுப் போட்டுட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? அந்த வருஷப் படத்துல ஓரத்துல நின்னது யாரு தெரியுமா? ஆஸ்பர்ட்."

மெர்வினுக்குப் புரிந்தது. ஆஸ்பர்ட் எனிட்டுக்கும் தெல்மாவுக்கும் ஒரே அண்ணன். அடுத்த ஜனவரியில் கப்பல் சரக்கை இறக்கப் போன படகு கவிழ்ந்து துறையிலேயே செத்தவன். அவனுடைய கடைசிப் படம் ஒரு புகை.

"அம்மா அந்தப் புகையைத் தடவித் தடவி அழுவா. 'கடவுள் முன்னாடியே அவனை அழிச்சுக் காட்டிட்டாரு'ன்னு சொல்லுவா. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டிருப்பேன். அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது? அப்பாவுக்கு வேற ஊர்ல பேராயிடுச்சு. தெல்மா அதையே பிடிச்சுக்கிட்டா."

"சரி. அது ஒன்பது வயசு. ஐம்பத்தெட்டுல உனக்கு என்ன வயசு?" மெர்வினின் குரல் உயர்ந்தது. அந்த வீட்டில் அப்படி உயர்ந்ததே இல்லை. "முப்பத்தோரு வருஷம் எனிட்! நான் ஓரத்துல போய் நிக்கறேன், நீ நடுவுல நின்னு சிரிக்கறே. என் பேத்திக்கு நான் தண்ணிக்கறை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திருப்பிப் போட்டிருப்பேனே!"

அவர் படியிறங்கிப் போய், பாறை விளிம்புவரை நடந்தார். கடல் கீழே வந்து வந்து போயிற்று. இப்போது தன் கையில் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஜூன் எட்டாம் தேதி தன் முகம் சுவரில் ஏறிவிடும் என்று நினைத்துப் பார்த்தார். இனித்தது. ஆனால் புகை இல்லாத படம் வந்தால் தெல்மா சும்மா இருப்பாளா? எப்படி, எப்போது, யார் என்று குடைவாள். நாற்பத்தொன்று வெளியே வரும். ஆஸ்பர்ட் வருவான். கதவுக்குப் பின்னால் நின்ற அந்த ஒன்பது வயதுப் பிள்ளையை ஊருக்கு நடுவில் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அதை நினைத்ததும் இனிப்பு போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார். எனிட் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கையிலேயே லென்ஸைப் பிரித்து, கடைசிக் கண்ணாடியைத் திரும்பவும் தப்பாகப் போட்டு மூடினார்.

"பேரை மட்டும்தானே கேட்டாங்க" என்றார். "பாரிஸ், ஆயிரத்து எண்ணூத்து ஐம்பத்தஞ்சு வாக்குல. பேர் போடாத பட்டறை. அவ்வளவுதான்." எனிட்டின் முகத்தைப் பார்க்காமலே எழுந்து சாயங்கால பலூனை விடப் போனார்.

மறுநாள் காலை எனிட் லென்ஸைத் தானே எடுத்துக்கொண்டு தெல்மா வீட்டுக்கு நடந்தாள். அவர் தன் முகத்தைத் தன் கையாலேயே அழித்துக்கொண்டதை அவளால் தாங்க முடியவில்லை. அங்கே நடந்ததைத் தெல்மாவே பிற்பாடு ஊர் முழுக்கச் சொன்னாள். எனிட் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை கேட்டாளாம். பிறகு கையிலிருந்த டீக் கோப்பையைச் சுவரில் அடித்தாளாம்.

"நீ கழுவினதுக்கு இல்லடி. கழுவாம விட்டிருந்தா பூஞ்சை பிடிச்சு லென்ஸே போயிருக்கும். நாப்பத்தெட்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தே பாரு, அதுக்கு! நான் அந்தத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, அப்பா மாதிரி வருதா வருதான்னு செத்தேனே! எல்லாம் ஒரு குட்டிப் பொண்ணு எலுமிச்சம்பழம் தேச்சதா?"

மூன்று நாள் தெல்மா யாரோடும் பேசவில்லை. ரோட்டில் காரில் எதிரே வந்தவர்களுக்குக் கைகூட அசைக்கவில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது. நாலாம் நாள் மெர்வின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் நாற்பதாம் வருஷத்துப் படம், லென்ஸ்.

எனிட்டிடம் படத்தைக் கொடுத்தாள். "பாரு, இதுல ஆஸ்பர்ட் இருக்கான். மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பல்லெல்லாம் காட்டிக்கிட்டு. சப்புனு இருக்குன்னு நான்தான் பீரோக்குப் பின்னாடி போட்டு வெச்சிருந்தேன்." அக்காவும் தங்கையும் அதைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, தெல்மா லென்ஸை மெர்வின் கையில் வைத்தாள். "சரியாப் போடு பலூன்."

அந்த ஜூன் எட்டாம் தேதி எடுத்த படங்களைப் பற்றி இன்றைக்கும் ஊரில் சண்டை உண்டு. எல்லாம் தெரிந்தது. கொசுவின் மனைவியுடைய பல்செட் தெரிந்தது. அரைக்கால் சட்டையின் மேசைக்கடியில் ஒளித்து வைத்த பீர் பாட்டில்கள் தெரிந்தன. பைன் மரங்கள் சுழலாமல் கம்பம் மாதிரி நின்றன. இத்தனை காலம் புகைக்குள் நிம்மதியாக நின்றவர்கள் தெல்மாவைத் திட்டித் தீர்த்தார்கள். "அடுத்த வருஷம் பழையபடி எடு" என்று பாதி ஊர் கேட்டது. தெல்மாவே மனசுக்குள் பழையதுதான் அழகு என்று நினைத்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாப்ஸ் குடும்பப் படத்தைத் தெல்மா தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். மெர்வின் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வலது ஓரம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவன். காதில் முடி. நெற்றி முன்னேறித் தலையின் பாதிக்குப் போயிருந்தது. கன்னம் தொங்கியிருந்தது. முகம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. எத்தனை நாள் ஆசை!

"இவன் யாரு எனிட்?" என்றார். "நான் வந்தப்போ இப்படி இல்லையே. நடுவுல இருந்ததெல்லாம் எங்க போச்சு? நேரா கிழவனாத்தான் சுவர்ல ஏறணுமா?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது மனுஷர், ஜன்னலோரம் நின்று குலுங்கி அழுதார்.

எனிட் அவர் கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவோரம் இருந்த முதல் படத்தின் முன்னால் நிறுத்தினாள். ஓரத்துப் புகையில் விரலை வைத்தாள்.

"ஐம்பத்தெட்டு. சவரம் பண்ணறப்போ தாடைல வெட்டிக்கிட்ட. ரத்தம் நிக்கல, சிகரெட் பேப்பரை ஒட்டிக்கிட்டு நின்னே. காலர் பெருசு, கழுத்து சின்னது." அடுத்த படம். "இதுல நீ சிரிக்கல. உங்கம்மாகிட்டேருந்து கடிதம் வரலன்னு அந்த மாசம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே. ஆனா தலையை அழகா வாரியிருந்தே." அடுத்தது. "அறுபது. மீசை வெச்சிருந்தே. கண்றாவி. மூணு வாரத்துல எடுத்துட்டே, அதனால யாருக்கும் ஞாபகம் இல்ல. இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். அறுபத்தொண்ணு. வெயில்ல மூக்குத் தோல் உரிஞ்சிருந்தது."

மெர்வின் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் ஒவ்வொரு புகையாக நகர்ந்தாள். கண்ணுக்குக் கீழே முதல் சுருக்கம் எந்த வருஷம், முன்பல் உடைந்தது எந்த வருஷம், மகள் பிறந்த வருஷம் தூக்கமில்லாமல் எப்படி வீங்கியிருந்தது, எல்லாம் நேரில் பார்த்துப் படிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

"எப்படி உனக்கு…"

"படத்துல விழாதுன்னு எனக்கு மட்டும்தானே தெரியும்" என்றாள் எனிட். "அதான் தெல்மா துணிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் உன்னை நல்லாத் திரும்பிப் பாத்துக்குவேன். வேற என்ன பண்ணறது?"

எழுபதைத் தாண்டி எழுபத்தொன்றுக்கு வந்தார்கள். வலது ஓரத்தில் அதே உயரம், அதே வெள்ளை, அதே புகை. எனிட் விரலை வைக்கவில்லை.

"இது நீ இல்ல."

"என்ன சொல்றே? நான்தானே இது!"

"நீ இல்ல. உனக்கு அன்னைக்குக் காய்ச்சல், நூத்திமூணு. வீட்டுல போர்வைக்குள்ள கிடந்தே. இடம் காலியா இருந்தா படம் சாயுதுன்னு தெல்மா உங்க நிலையத்துல புதுசா வந்த பையனை இழுத்து நிறுத்திட்டா. ஊரே இதை நீன்னுதான் நினைக்குது. நீயே நினைக்கறே." "இந்த ஒரு படத்தைத் தாண்டறப்போ மட்டும் நான் சுவர் பக்கம் திரும்பறதே இல்ல மெர்வ்."

மெர்வின் குனிந்து அந்தப் புகையை வெகுநேரம் பார்த்தார். மற்ற முப்பதிலிருந்தும் அதற்கு ஒரு வித்தியாசமும் அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்தின் முன்னால் போய் நின்றார்.

"எழுபத்திரெண்டைச் சொல்லு" என்றார்.